மடியில் கனம்

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் மடி என்பது வேட்டியில் காசை முடிந்துகொள்ளும் இடம். இன்றைக்கு மடியில் இருப்பது கணினி. கனமும் அதுதான், காசும் அதுதான். கிள்ளானில் ஐயாயிரம் வெள்ளிப் பொருளை முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டாரில் போகிறவனுக்குப் பழமொழியின் இரண்டு பாதியும் ஒரே பையில் கிடக்கின்றன.

எட்டு வருடம் உழைத்த என் பழைய மடிக்கணினி ஓய்வு கேட்டபோது, புதிதாக ஒன்று வாங்கவேண்டி வந்தது. யாரைக் கேட்டாலும் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்கள்: "லேசா வேணுமா, பவரா வேணுமா?" இரண்டும் வேண்டும் என்றால் சிரிப்பார்கள். இரண்டும் கிடைக்கும்தான். ஆனால் அதற்கான விலை என்னைப் போன்றவர்களுக்கானது அல்ல. கையில் இருந்தது ஐயாயிரம் வெள்ளி. அதற்குள் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கவேண்டும்.

என் வேலையைச் சொன்னால்தான் இந்தக் குழப்பம் விளங்கும். மொழிபெயர்ப்பும் நூல் வடிவமைப்பும் சோறு போடுகின்றன. அதற்கு எந்தக் கணினியும் போதும். மிச்ச நேரத்தில் செய்வது வேறு. கிள்ளான், காப்பார், பந்திங் பக்கம் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசவைத்து, படம்பிடித்து வைக்கிறேன். குறிப்பாக 1941. அந்த ஆண்டில்தான் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கமாட்டோம் என்றார்கள். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். இராணுவம் இறங்கியது. ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அப்போது ஏழு வயதுப் பிள்ளையாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். எத்தனை பேர் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆக, எனக்கு வேண்டியது காணொளியைத் தொகுக்கும் வலுவுள்ள கருவி. அதே கருவி ஒரு தோட்டத்து வீட்டுத் திண்ணைவரைக்கும் என்னோடு வரவும் வேண்டும்.

இந்த இழுபறி நேற்று முளைத்ததல்ல. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினியைத் 'தூக்கிச் செல்லக்கூடியது' என்று விற்றார்கள். எடை சுமார் 11 கிலோ. கைப்பிடி உண்டு, பேட்டரி கிடையாது. தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். ஐந்து அங்குலத் திரையைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்கவேண்டும். தூக்கமுடியும் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். மறு கோடி 2007-ல் வந்தது. அசுஸ் நிறுவனத்தின் ஈ பிசி, ஏழு அங்குலத் திரை, ஒரு கிலோவுக்கும் குறைவு. உள்ளே 4 ஜிபி சேமிப்பு, 512 எம்பி நினைவகம். எடை தெரியாது, ஆனால் இரண்டு பக்கங்களைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அடுத்த சில வருடங்களுக்கு நெட்புக் என்ற பெயரில் எல்லாரும் அதையே செய்தார்கள். இங்கே வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசாங்கம் கொடுத்ததும் '1 மலேசியா' நெட்புக்தான். ஏழைக்கு லேசானது போதும் என்ற கணக்கு அதில் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலகக் கடித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவி எடுத்துக் காட்டினார். 1.36 கிலோ. அதற்காக குறுந்தட்டு இயக்கியைக் கழற்றிவிட்டார்கள், யுஎஸ்பி துளையை ஒன்றே ஒன்றாகக் குறைத்தார்கள். விலையோ அதிகம், வேகமோ சுமார். மூன்று வருடம் கழித்து இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரைக் கொண்டுவந்து மற்ற நிறுவனங்களையும் அந்த வழியில் தள்ளிவிட்டது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1-ஐ வைத்து, விசிறியே இல்லாத ஏரை வெளியிட்டபோதுதான் லேசு என்றால் பலவீனம் என்ற எண்ணம் ஆட்டம்கண்டது. ஆட்டம்தான் கண்டது, விழவில்லை.

ஏன் விழவில்லை என்பதற்குக் காரணம் சூடு. ஒரு சில்லு தின்கிற மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரவேண்டும். மெல்லிய மடிக்கணினிகளுக்கு என்று இன்டெல் செய்துவந்த 'யூ' வகைச் சில்லுகள் பெரும்பாலும் 15 வாட்டைச் சுற்றி வடிவமைக்கப்பட்டவை. கனமான கருவிகளுக்கான 'எச்' வகை 45 வாட்டைச் சுற்றி. மூன்று மடங்கு சூட்டை வெளியேற்ற செம்புக் குழாய் வேண்டும், பெரிய விசிறி வேண்டும், காற்று ஓட இடம் வேண்டும். எல்லாம் எடை. மெல்லிய உடம்புக்குள் அந்த இடம் இல்லாததால், சூடு ஏறியதும் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் இரண்டு மூன்று நிமிடம் குதிரை, அப்புறம் மாட்டுவண்டி.

கடையில் இது தெரியாது. லோ யாட் பிளாசாவில் ஏர்கோன் குளிரில் கருவியைத் தட்டிப் பார்த்தால் எல்லாமே பறக்கும். கிள்ளானில் மத்தியான வெயில் 33 டிகிரியில், மேல்விசிறி மட்டும் சுழலும் கூடத்தில், ஒரு மணி நேரக் காணொளியை ஏற்றுமதி செய்யும்போதுதான் சுயரூபம் வெளிப்படும். நான் விற்பனைப் பையனிடம், "பத்து நிமிஷம் தொடர்ந்து ஏதாச்சும் ஓட்டிக் காட்ட முடியுமா?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாஸ், சாம்பிள்லாம் அப்படி ஓட்ட முடியாது" என்றான். அவன் சொல்வதும் நியாயம்தான்.

வலு பக்கம் நின்று வாதாடியவர், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் படத்தொகுப்பு செய்யும் ஒரு தம்பி. பந்தாய் டாலாமில் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், விவரம் என்னைவிட அதிகம். "அண்ணே, நீங்க எழுத்தாளர் மாதிரியே யோசிக்கிறீங்க. எனக்கு மணிக்குத்தான் காசு. ஒரு எக்ஸ்போர்ட்டு இருபது நிமிஷம் லேட்டானா, ஒரு நாளைக்கு ஆறு தடவை பண்ணா ரெண்டு மணி நேரம் போச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல நான் இன்னொரு வேலை முடிச்சிருவேன். ஒரு கிலோ கூடத் தூக்கறதுல என்னா இருக்கு? ஜிம்முக்குக் காசு கட்டறோம்லா" என்றார். அவர் கணக்கில் தப்பில்லை. காத்திருக்கும் நேரம் காசாக இருக்கிற தொழிலில் எடை ஒரு பொருட்டே அல்ல. அவர் கருவி பெரும்பாலும் மேசையில்தான் கிடக்கிறது.

இன்னொரு யோசனையும் சொன்னார். வீட்டில் வலுவான மேசைக்கணினி ஒன்று, வெளியே போக மலிவான லேசான ஒன்று. பலரும் சொல்லும் யோசனைதான், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஐயாயிரத்தை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே அரைகுறை. அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். 2021 டிசம்பர் 18-ஐ எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தரைத்தளங்கள் மூழ்கி, மக்கள் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தார்கள். அங்கே இருந்த என் உறவுக்காரப் பையன் ஒருவன் மாடிக்கு ஓடும்போது பாட்டியின் மருந்துப் பையையும் மடிக்கணினியையும் தூக்கிக்கொண்டு ஓடினான். கூடத்தில் இருந்த மேசைக்கணினியைப் பார்த்தானாம், ஒயர்களைப் பார்த்தானாம், விட்டுவிட்டான். தண்ணீர் வடிந்தபிறகு அதைத் தெருவோரக் குப்பைக் குவியலில் சோபாவுக்கு மேலே பார்த்தேன். நான் இருப்பதும் ஒற்றை மாடி வீடுதான். எனக்கு மாடியே இல்லை. கையால் அள்ளிக்கொண்டு ஓடமுடியாத எதிலும் அந்த முதியவர்களின் குரலை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, உண்மையிலேயே எவ்வளவு தூக்குகிறோம் என்று பார்த்துவிடலாம் என்று வீட்டில் மாவு நிறுக்கும் தராசை எடுத்தேன். கேமரா லென்சோடு 1.1 கிலோ. முக்காலி 1.3. ஒலிவாங்கியும் ஒயர்களும் 400 கிராம். தண்ணீர் போத்தல் 900. குடை 350, கிள்ளானில் குடை இல்லாமல் வெளியே போகிறவன் ஊருக்குப் புதுசு. நோட்டும் சில்லறைச் சாமான்களும் 300. மொத்தம் 4.35 கிலோ. இன்னும் கணினி வைக்கவில்லை.

தம்பி சொன்ன வகைக் கருவி 2.4 கிலோ. விளம்பரத்தில் அவ்வளவுதான் போடுவார்கள். ஆனால் அந்த வகையின் மின்னூட்டி செங்கல் மாதிரி இருக்கும், அதுவே முக்கால் கிலோ. மின்சாரத்தில் செருகாவிட்டால் அந்தக் கருவி தன் முழு வேகத்தையும் காட்டாது. எனவே செங்கலையும் சேர்த்துத்தான் நிறுக்கவேண்டும். கூட்டினால் ஏழரை கிலோ. தமிழனுக்கு அந்த எண்ணே சரியில்லை. லேசான கருவி 1.24 கிலோ, அதன் சின்ன மின்னூட்டி 150 கிராம். மொத்தம் ஆறுக்குக் கீழே. வித்தியாசம் ஒன்றே முக்கால் கிலோ.

இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? கிள்ளான் ஸ்டேஷனில் கொமுட்டர் ஏறி, புக்கிட் படாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம் என்று நின்று நின்று கேஎல் சென்ட்ரல் போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். காலை வேளையில் பாதி வழி நிற்கவேண்டும். ஏழரை கிலோவோடு நின்றால் அங்கசாபுரி வருவதற்குள் தோள்பட்டை பேச ஆரம்பித்துவிடும். ஆறு கிலோவோடு நின்றால் அது கேஎல் சென்ட்ரலில் பேசும். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. உட்கார இடம் கிடைத்தாலும் 16 அங்குலத்தை விரித்தால் முழங்கை பக்கத்தில் இருப்பவரின் வயிற்றில் இடிக்கும். 13 அங்குலம் என்றால் மொழிபெயர்ப்பில் இரண்டு பக்கம் முடித்துவிடலாம். சோறு போடுகிற வேலை பாதி ரயிலில்தான் நடக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு விசைப்பலகை தனிக் கவலை. ஒரு 'கெ' அடிக்க இரண்டு விசை, 'க்ஷி' அடிக்க அதற்கும் மேல். ஒரு பக்கத்துக்கு விரல் எத்தனை தடவை இறங்கி ஏறுகிறது என்பது எழுதுகிறவனுக்குத்தான் தெரியும். மெல்லிய கருவிகளில் விசை அதிகம் இறங்காது. சிலவற்றில் கண்ணாடி மேசையில் விரலைத் தட்டுவதுபோல் இருக்கும். கடைக்குப் போனால் ஒரு பத்தி தமிழில் அடித்துப் பார்க்காமல் நான் காசை எடுக்கமாட்டேன். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985 முதல் உருவாக்கி வளர்த்த முரசு அஞ்சலின் விசைமுறை இன்று மேக் கணினிகளில் வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. காட்சிக்கு வைத்த கருவியில் அதை இயக்கி 'கிள்ளான்' என்று அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். விற்பனைப் பையன் மலாய்க்காரன். திரையில் எழுத்து சுருள்சுருளாக வருவதை எட்டிப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு பாஸ்" என்று மலாயில் சொன்னான்.

ஒரு விஷயம் மட்டும் மனதை உறுத்தியது. முன்பெல்லாம் லோ யாட்டில் கருவியைக் குறைந்த நினைவகத்தோடு வாங்கிக்கொண்டு, ஆறு மாதம் கழித்துக் காசு சேர்ந்ததும் அதே மாடிக்குப் போய், பின்பக்கத்து ஆணியைக் கழற்றச் சொல்லி, கூடுதல் நினைவகம் போட்டுக்கொண்டு வரலாம். தவணை முறையில் கணினியை வளர்ப்பது ஏழையின் வழி. இன்றைய மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. வாங்கும் நாளில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆயுசுக்கும். லேசுக்காக நாம் விட்டுக்கொடுப்பது வேகத்தை மட்டுமல்ல, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற வசதியையும்தான். அதனால் லேசானதை வாங்குகிறவர் மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் நினைவகத்தில் பிடிக்கக்கூடாது. 16 ஜிபிக்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். சேமிப்பை வெளியே வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் படம் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். எந்தக் கருவியின் உள்சேமிப்பும் அதற்குத் தாங்காது. தீப்பெட்டி அளவு வெளிச்சேமிப்பு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று பையில். மற்றொன்று பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருக்கும் அக்கா வீட்டு அலமாரியில். அவ்வளவு உயரத்துக்கு எந்த வெள்ளமும் ஏறாது.

இவ்வளவு கணக்கும் ஒரு பக்கம் இருக்க, முடிவைத் தீர்த்துவைத்தது காப்பார் பக்கம் ஒரு வீடு. பால்மரம் வெட்டிய பாட்டி. ஞாபகம் வரும், போகும். முதல் தடவை போனபோது என்னைத் தன் தம்பி என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை கேட்டார். இரண்டாம் தடவை பேசவே இல்லை. மகள்தான் சொன்னார்: "நல்லா இருக்கற அன்னிக்கு நானே போன் போடறேன் தம்பி. ஒடனே வந்துருங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

அந்த போன் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. அப்போது இரவல் வாங்கிய லேசான கணினி ஒன்று கைவசம் இருந்தது. பையை எடுத்தேன், மோட்டாரை எடுத்தேன், முக்கால் மணி நேரத்தில் பாட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூடத்தில் மின்செருகி ஒன்றே ஒன்று. அதில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் மின்னூட்டியைச் செருகினால் பாட்டிக்கு வியர்க்கும். கணினி பேட்டரியிலேயே ஓடியது. நான் ஒலியைக் கணினியில் நேராகப் பதிவு செய்பவன். ஒலிவாங்கிக்கு ஒரு முழம் தள்ளித்தான் கணினி இருக்கும். வலுவான கருவியின் விசிறி இரைந்தால் அந்த இரைச்சல் பாட்டியின் குரலுக்கு அடியில் நிரந்தரமாகப் படிந்துவிடும். வீட்டு விசிறியைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். கணினியைக் கேட்கமுடியாது.

பாட்டி அன்று நாற்பது நிமிடம் பேசினார். துரை வந்தால் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி வெயிலில் நின்றதை, ஒரு நாள் இறங்காமல் போனதை, அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். பேச்சு அப்படியே பால் சுமந்த கதைக்குத் தாவியது. "காண்டா வாளியில முக்காத்தான் ஊத்தணும். எடைக்குத்தானே காசு, ரொப்பி ஊத்திக்கலாம்னு தோணும். ரொப்பி ஊத்துனா மேட்டுல ஏறறப்ப சிந்திரும். ஸ்டோருக்குப் போய்ச் சேர்ற பாலுக்குத்தான்யா காசு." என் கணினிக் குழப்பம் எதுவும் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது கணக்கு எனக்குத் தெளிவாகிவிட்டது. வேகம் மிச்சப்படுத்துவது என் நேரத்தை. எடை தீர்மானிப்பது நான் போகும் இடத்தை. தம்பியின் தொழிலில் அவர் நேரம்தான் அருமை. அவர் கனமானதை வாங்கியது சரி. என் வேலையில் தொகுப்பு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். 1941 ஏற்கெனவே எண்பது வருடத்துக்கு மேல் காத்திருந்துவிட்டது. காத்திருக்கமுடியாதது அந்த வியாழக்கிழமைக் காலை மட்டும்தான். மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் யாராவது என்னைக் கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் வேலையில் எது காத்திருக்காது என்று முதலில் பாருங்கள். அது மேசைக்கு வருகிறதா, நீங்கள் அதைத் தேடிப் போகிறீர்களா? சில்லின் பெயரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கியது 13 அங்குல மேக்புக் ஏர், 16 ஜிபி. ஒரு கிலோவுக்கும் கீழே எல்ஜி கிராம் மாதிரியானவை உண்டு. கையில் எடுத்தால் உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி போலத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் விசிறி உண்டு. எனக்கு அந்த கால் கிலோவைவிட மௌனம் முக்கியமாகப் பட்டது. தொகுப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மூலப் படத்துக்குச் சிறிய நகல் எடுத்து, நகலில் வெட்டி ஒட்டி, கடைசியில் மட்டும் மூலத்தோடு இணைப்பேன். வெளிச்சம் குறைந்த கூடங்களில் எடுத்த படத்தில் புள்ளிகள் மொய்க்கும். அவற்றைத் துடைப்பதுதான் பெரிய வேலை. அதை ராத்திரி பத்து மணிக்கு ஓட்டிவிட்டுப் படுப்பேன். அடியில் இரண்டு மரக்கட்டை வைத்துக் காற்றுக்கு வழி விட்டிருக்கிறேன். தம்பியின் கருவியில் இரண்டு மணி நேரத்தில் முடிவது இதில் விடியும்வரை ஓடும். தம்பி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அவசரமானால் தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். ஒருமுறை கொண்டுபோனேன், தீப்பெட்டி அளவுச் சேமிப்பை மட்டும்.

காப்பார் பாட்டியின் மகளிடமிருந்து பிறகு இரண்டு தடவை போன் வந்தது. இரண்டு தடவையும் போனேன். ஒரு நாள் பதினைந்து நிமிடப் பேச்சு கிடைத்தது. இன்னொரு நாள் நான் போய்ச் சேர்வதற்குள் பாட்டி தூங்கிவிட்டார். மகள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, பையைத் திறக்காமலேயே வந்தேன். அதுவும் தூக்கிப்போன கணக்கில்தான் சேரும்.